நான் சொன்ன ஆமென்

ஆகஸ்ட் 13, புதன்

இன்று கிளி ஒன்று என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியது. கூண்டைத் தூக்கிவந்த அம்மாளுக்கு முகம் கறுத்துவிட்டது. "எங்க வீட்ல யாரும் இப்படிப் பேச மாட்டோம்" என்றார். பின்னே யார் சொல்லிக்கொடுத்தார்களாம், பக்கத்துக் கூண்டா? சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். கால்நடை மருத்துவமனையின் வரவேற்பில் உட்கார்ந்திருந்தால் மனிதர்களைப் பற்றித்தான் அதிகம் தெரிந்துகொள்ளலாம்.

மாலையில் சின்னவள் போன். கழுத்துக் கட்டியை எடுத்தே ஆக வேண்டுமாம். அடுத்த மாதம் ஆபரேஷன். "குரல் போயிடுமோன்னுதான் பயமா இருக்குக்கா" என்றாள். உயிரைப் பற்றிக் கவலை இல்லை, பாட்டைப் பற்றித்தான். பெரிய சபையில் ஞாயிறுதோறும் மைக்கைப் பிடித்துப் பாடுகிறவள் அவள். அவள் வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்க்கிறார், வருடக் கடைசியில்தான் வருவார். அம்மா போனபோது அவளுக்கு ஏழு வயது. தலை வாரிவிட்டது, காய்ச்சலுக்குப் பக்கத்தில் படுத்தது எல்லாம் நான்தான். ஆஸ்பத்திரிக்கும் நான்தான் போக வேண்டும்.

இவரிடம் சொன்னேன். "ஜெபிப்போம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இதுலயாவது கர்த்தர் அவளோட பேசட்டும்" என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நல்ல ஆராதனை. கண்ணாடிக்கடை பிரதர் கண்ணீரோடு ஜெபித்தார்.

எங்கள் சபை என்பது எங்கள் வீட்டு முன்னறைதான். போன வருடம் பெரிய சபையின் பாஸ்டர் மற்ற எல்லா சபைகளோடும் சேர்ந்து மைதானத்தில் பொது ஜெபம் வைத்தார். அடுத்த ஞாயிறே இவர் ஆராதனை நடுவில் எழுந்து நின்று, "பால்ல தண்ணி கலக்குறீங்க பாஸ்டர்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வெளியே நடந்தார். எனக்குப் புல்லரித்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். எங்களோடு வந்தவர்கள் கண்ணாடிக்கடை பிரதரும் அவர் மனைவியும், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சரும். சின்னவள் வரவில்லை. மைக்கைக் கையில் பிடித்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அப்பம் பிட்குவது எங்கள் சாப்பாட்டு மேசையில்தான். அம்மா வீட்டு மேசை. இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்து இழுத்தால் நடுவில் பிளந்து வழிவிடும், அதில் ஒரு பலகையைப் பொருத்தினால் பத்துப் பேர் உட்காரலாம். இன்னும் ஆட்கள் வருவார்கள் என்று பலகையைப் போட்டே வைத்திருக்கிறோம். வாரம் முழுக்க அதில் சாப்பிடுகிறோம், ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத் துணி விரித்தால் அது கர்த்தருடைய பந்தி. இதைவிட எளிமையாக யார் வைத்திருக்கிறார்கள்? விளக்கு வெளிச்சமும் புகையும் டிரம்ஸும் அங்கே. சத்தியம் இங்கே, ஐந்து பேரோடு.

இவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். கற்றுக்கொள்கிறவர் ஓட்டும்போது பக்கத்து இருக்கையில் இவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். சபைக்கும் அப்படி ஒருவர் வேண்டும்தானே?

ஆகஸ்ட் 23, சனி

சின்னவள் இரவுச் சாப்பாட்டுக்கு வந்தாள். மேசையில் உட்கார்ந்ததும் வழக்கம்போல் கண்ணை மூடினாள். இவர், "நீ முதல்ல சாப்பிட ஆரம்பிச்சிரும்மா. நாங்க அப்புறம் ஜெபம் பண்ணிக்கிறோம்" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை.

"ஐக்கியத்துல இல்லாதவங்க ஜெபத்துக்கு நாங்க ஆமென் சொல்றதில்ல. நீ எங்க ஜெபத்துக்கு ஆமென் சொன்னா உனக்குத்தான் சங்கடம்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். "சரி அத்தான், பசி தாங்காதவன்னு வச்சுக்கறேன்" என்று சிரித்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். நாங்கள் கண்ணை மூடி ஜெபித்தோம். அவள் மெல்லுகிற சத்தம் கேட்டது. என்னவோ போலத்தான் இருந்தது. ஆனால் தங்கைக்கு ஒரு சத்தியம், ஊருக்கு ஒரு சத்தியமா?

ஆகஸ்ட் 27, புதன்

மருத்துவமனை ஜன்னலிலிருந்து பார்த்தேன். கணக்கு டீச்சர்! பெரிய சபையின் வேனில் ஏறினார். கையில் பரிசுப் பொட்டலம். யாருக்கோ ஞானஸ்நானம் போலிருக்கிறது. போய் அங்கே பாடி, ஜெபித்து, சாப்பிட்டும் வருவார். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் மேசைக்கு எந்த முகத்தோடு வருவார்?

இவரிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமலிருப்பது எப்படி?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

டீச்சர் மறைக்கவில்லை. "என்கிட்ட படிச்ச பொண்ணு. கூப்பிட்டா. போனேன்" என்றார். மனம் வருந்துகிறீர்களா என்று இவர் கேட்டார். "எதுக்கு?" என்றார் டீச்சர்.

அப்பத் தட்டை எடுத்துக்கொண்டு போகிறவள் நான். டீச்சர் முன்னால் வந்ததும் நிற்காமல் கடந்தேன். அவர் கை பாதி நீண்டிருந்தது. திராட்சரசக் கிண்ணத்தையும் அப்படியே கொண்டுபோனேன். என் கை நடுங்கவில்லை. பிறகு பிரதர் மனைவி என் தோளைத் தொட்டு, "கர்த்தர் உங்களுக்குப் பெலன் குடுத்தார் சிஸ்டர்" என்றார்.

டீச்சர் கடைசிப் பாட்டுவரை இருந்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போனார்.

செப்டம்பர் 1, திங்கள்

இவர் பலகையைக் கழற்றலாம் என்றார். நாலு பேருக்கு இவ்வளவு பெரிய மேசை எதற்கு? இரண்டு பேருமாகக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் சாய்த்தோம். அறை பெரிதாகத் தெரிகிறது.

செப்டம்பர் 10, புதன்

ஒருவர் வெள்ளாட்டையும் செம்மறியையும் சேர்த்தே ஓட்டிவந்தார். வரவேற்பறை முழுக்கப் புழுக்கை. டாக்டருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, ஆனால் என் சபைக் கதைகளைக் கேட்க ஆசை. வெள்ளாட்டை ஒரு பக்கம், செம்மறியை ஒரு பக்கம் கர்த்தர் பிரிக்கிற நாள் வரும் என்று நான் சொன்னேன். ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே, "இங்க ரெண்டுக்கும் ஒரே ஊசிதாம்மா" என்றார்.

கோபம் வந்தது. வீட்டுக்கு வரும் வழியில் சிரிப்பும் வந்தது. இவரிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 24, புதன்

பிழைத்துக்கொண்டாள். கர்த்தாவே, பிழைத்துக்கொண்டாள்.

காலையில் தள்ளுவண்டியில் படுக்கவைத்திருந்தார்கள். பச்சைத் துணியில் அவள் ஏழு வயதுப் பிள்ளை மாதிரி இருந்தாள். பெரிய சபை பாஸ்டர் வந்து நின்றார். என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் அவள் கையைப் பிடித்து ஜெபித்தார். சின்ன ஜெபம். "இவளை உயிரோட இவங்க அக்கா கைல திருப்பிக் கொடும்" என்றார். சுற்றி வளைக்கவில்லை, பிரசங்கம் பண்ணவில்லை.

ஆபரேஷன் நாலு மணி நேரம் போயிற்று. எதிர்பார்த்ததைவிடக் கட்டி ஆழமாக இருந்ததாம். நடுவில் ஒரு தடவை ரத்தம் நிற்கவில்லையாம். இப்போது சரியாகிவிட்டது. குரல் எப்படி வரும் என்று தெரியாது, போகப் போகத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அது போதும்.

செப்டம்பர் 27, சனி

என்ன நடந்தது என்று எழுதவே கை வரவில்லை.

சனிக்கிழமை ஆயத்தக் கூட்டம். சாட்சி சொல்லச் சொன்னார்கள். நான் சந்தோஷத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். ஆபரேஷன், ரத்தம், அவள் கண்ணைத் திறந்தது. "பாஸ்டர் ஜெபம் பண்ணார், நான் சத்தமா ஆமென் சொன்னேன், கர்த்தர் கேட்டுட்டார்" என்றேன்.

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை.

"எந்தப் பாஸ்டர்?" என்றார் கண்ணாடிக்கடை பிரதர். எல்லாருக்கும் தெரியும் எந்தப் பாஸ்டர் என்று. இவர் தரையைப் பார்த்தபடி, "ஆமென் சொன்னியா?" என்றார்.

"சொன்னேன்."

"வாய்விட்டா?"

அங்கே இருந்த எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னேன். தள்ளுவண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அப்போது அது யாருடைய ஜெபம் என்று பார்க்கத் தோன்றவே இல்லையே! அவளைக் கொண்டுபோகிறார்கள், எனக்கு வேறென்ன தெரியும்?

நாளைக் காலை, அப்பம் பிட்குமுன் நான் எழுந்து, அந்த ஆமென் என்னுடையது இல்லை, அதை விலக்கிக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டுமாம். பிரதர் சொல்லவில்லை இதை. இவர் சொன்னார். என் வீட்டுக்காரர்.

"ஒரு வரிதானே. சொல்லிட்டா முடிஞ்சிரும்" என்கிறார். சமாதானப்படுத்துகிறாராம்.

ஒரு வரிதான். ஆனால் நான் எதற்கு ஆமென் சொன்னேன்? அவளைத் திருப்பிக் கொடும் என்றதற்கு. அதை விலக்கிக்கொண்டால் என்ன அர்த்தம்? வேண்டாம், வைத்துக்கொள்ளும் என்றா? இவரிடம் அப்படியே கேட்டேன். "நீ உணர்ச்சிவசப்படுற" என்று விளக்கை அணைத்தார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

சொல்லவில்லை. எழுந்து நின்றேன். வாய் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

இன்று தட்டை இவரே எடுத்துக்கொண்டு வந்தார். நான் இவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுங்குமா என்று பார்த்தேன். நடுங்கவில்லை. பிரதருக்கு, பிரதர் மனைவிக்கு, அப்புறம் எனக்கு — இல்லை, எனக்கு இல்லை. என் முன்னால் தட்டு காற்றாகப் போயிற்று. நான் காலையில் சுட்ட அப்பம். நான் துவைத்து இஸ்திரி போட்ட துணி. எங்க அம்மா மேசை. என் புருஷன்.

என் கை பாதி நீண்டிருந்தது. அப்போதுதான் டீச்சர் ஞாபகம் வந்தது. ஐயோ, அந்தக் கை.

மத்தியானம் அதே மேசையில் இவருக்குச் சோறு போட்டேன். வேறென்ன செய்ய? உப்பு கொண்டா என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

செப்டம்பர் 29, திங்கள்

வேலையில் இரண்டு பேர் பெயரை மாற்றிக் கூப்பிட்டேன். நாய்க்குரியவர் பூனையின் மருந்தோடு போகப் பார்த்தார். டாக்டர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். என்ன சொல்வது? ஒரு வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றதால் வீட்டிலேயே என்னைத் தள்ளிவைத்திருக்கிறார்கள் என்றா? அவர் சிரிப்பார். நானாக இருந்தாலும் சிரிப்பேன்.

மாலையில் சின்னவளைப் பார்க்கப் போனேன். பேசக்கூடாது, எழுதிக் காட்டு என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். "அத்தான் எப்படி இருக்கார்?" என்று எழுதினாள். நல்லா இருக்கார் என்றேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

இரண்டாவது வாரமும் தட்டு தாண்டிப் போயிற்று. ஆனால் இன்றைக்கு அதிர்ச்சி எனக்கில்லை, இவருக்கு.

ஆராதனை முடிந்ததும் கண்ணாடிக்கடை பிரதர் எழுந்து தொண்டையைச் செருமினார். "பிரதர், ஒரு பாரம். தள்ளி வச்சவங்களோட பந்தியில கலக்கறதில்ல. ஆனா நீங்க தினம் இதே மேசைல அவங்களோட உக்காந்து சாப்பிடுறீங்களே?"

"அவ என் மனைவி பிரதர்."

"டீச்சருக்கு ஒரு நியாயம், மனைவிக்கு ஒரு நியாயமா?"

நான் கேட்ட கேள்வி! தங்கைக்கு ஒரு சத்தியம், ஊருக்கு ஒரு சத்தியமா என்று இதே நாட்குறிப்பில்தான் பெருமையாக எழுதினேன். பிரதர் மனைவி என்னைப் பார்க்கவே இல்லை. என் தோளைத் தொட்ட அதே அம்மாள்.

இது சரியாகும்வரை வரமாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இவர் வாசலிலேயே நின்றார். இருபது வருடமாக அடுத்தவர் வண்டிக்கு பிரேக் போட்டவர். இவர் வண்டிக்கு இன்னொருவர் பிரேக் போட்டு முதல் தடவை பார்க்கிறேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

தட்டை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய் நின்றுகொண்டே சாப்பிட்டார். நான் மேசையில். நடுவில் ஒரு சுவர். கேட்டால், "கொஞ்ச நாளைக்கு" என்கிறார்.

எனக்கு ஆத்திரம் வரவேண்டும். வரவில்லை. திகைப்பாகத்தான் இருக்கிறது. இந்த மனிதரோடு இருபத்தாறு வருடம் ஒரே குழம்பில் கை வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 10, வெள்ளி

இன்று இவர் சாப்பாட்டை டப்பாவில் போட்டுக் கொடுக்கச் சொன்னார். வகுப்பு இல்லாத நேரம்தான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாசலில் நிறுத்தியிருந்த காரில், ஓட்டுகிறவர் இருக்கையில்கூட இல்லை, பயிற்சியாளர் இருக்கையில், டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காருக்கு மேலே 'பயிற்சி வாகனம்' என்ற பலகை. தெருவில் போனவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

நான் திரையை இழுத்துவிட்டேன். அழுதேன். எதற்கு அழுதேன் என்று தெரியவில்லை — எனக்காகவா, இவருக்காகவா.

அக்டோபர் 11, சனி

டீச்சர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து மேலும் கீழும் பார்த்தார்.

"உன்னையும் தள்ளியாச்சா?"

"எப்படித் தெரியும் டீச்சர்?"

"இல்லன்னா நீ இந்தப் பக்கம் வருவியா? உள்ள வா."

இப்போது எந்த சபைக்குப் போகிறீர்கள் என்று கேட்டேன். எங்கேயும் போவதில்லையாம். "ஞாயித்துக்கிழமை வந்தா துணி துவைக்கிறேன். பாட்டுச் சத்தம் எங்கயாவது கேட்டா ரேடியோவ வச்சிடுறேன்" என்றார். ஞாயிறு தவறாதவர். மழையென்றும் பார்க்காமல் குடையோடு முதல் ஆளாக வருகிறவர். இதை நாங்கள் செய்தோம். நான் செய்தேன். பெரிய சபை வேனைக் காட்டிக்கொடுத்ததும் என் வாய், தட்டைக் கொண்டுபோனதும் என் கை.

"மன்னிச்சிருங்க டீச்சர்."

"அந்தத் தட்டு என் விரல்ல பட்டுச்சு. அவ்ளோ பக்கத்துல கொண்டுவந்துட்டு நிக்காம போயிட்டியே. உன்ன பாத்தா எனக்கு இன்னும் கோபம் வருது. மன்னிப்பெல்லாம் இன்னிக்கு முடியாது. காபி குடிச்சிட்டுப் போ."

குடித்தேன். சர்க்கரை போட மறந்திருந்தார். நான் கேட்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

யாரும் வரவில்லை. இவர் மட்டும் முன்னறையில் துணி விரித்து, அப்பத்தையும் கிண்ணத்தையும் வைத்து உட்கார்ந்தார். நான் அடுப்பங்கரையில் இருந்தேன். ஒற்றை ஆளாகப் பாடினார். சுருதி எங்கேயோ போயிற்று. சின்னவள் இருந்திருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருப்பாள். அப்புறம் சத்தமே இல்லை.

எட்டிப் பார்த்தேன். அப்பம் பிட்காமல் இருந்தது. கிண்ணம் நிறைந்தபடி இருந்தது.

"என்னாச்சு?"

"பிரதர் நேத்து போன் பண்ணார். கடை மாடில அவங்களே ஆரம்பிச்சிட்டாங்களாம். தனியா உக்காந்து சாப்பிட்டாலும் நீ சமைச்சததானே சாப்பிடறேன்னு கேட்டார். எனக்கு அங்க பங்கு இல்லையாம்."

கடவுளே. என்னைத் தள்ளிய இவரையும் தள்ளிவிட்டார்கள். சிரிப்பு வந்தது எனக்கு, சத்தியமாக வந்தது, தொண்டைவரை வந்தது. இவர் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டது. தட்டு தாண்டிப் போனால் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும்.

"அவங்க சொன்னா சொல்லட்டும். நீங்க எடுத்துக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"கை போகல" என்றார்.

நான் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இவர் எழுந்து போகவில்லை. இரண்டு பேரும் அந்தக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் தொடவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

மேசையில் சாப்பிட்டார். உப்பு கேட்கவில்லை, எழுந்து தானே எடுத்துக்கொண்டார்.

அக்டோபர் 19, ஞாயிறு

வீட்டில் ஆராதனை இல்லை. துணி விரிக்கவில்லை. இவர் காரைக் கழுவினார், ஏற்கனவே கழுவிய காரை. அடுத்த ஞாயிறு சின்னவளையும் டீச்சரையும் சாப்பிடக் கூப்பிடப் போகிறேன் என்று சொன்னேன். அனுமதி கேட்கவில்லை, சொன்னேன். தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி நின்றார்.

"உன் தங்கச்சி வருவாளா?" என்றார்.

அக்டோபர் 26, ஞாயிறு

வந்தாள். கழுத்தில் தையல் தழும்பை மறைக்க ஒரு துணியைச் சுற்றியிருந்தாள். குரல் வந்திருக்கிறது, ஆனால் வெறும் காற்றுதான். பக்கத்தில் போனால்தான் கேட்கும். இனி பாட முடியுமா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. டீச்சர் குடையோடு வந்தார். "சாப்பிடத்தான் வந்தேன். மன்னிப்பு இன்னும் பாக்கி இருக்கு" என்று வாசலிலேயே அறிவித்தார்.

நாலு பேருக்கு மேசை தாராளம். ஆனாலும் பலகையைப் போட வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். அலமாரிக்குப் பின்னாலிருந்து இழுத்து வந்தேன். மேசையின் ஒரு பக்கத்தை மட்டும் பிடித்து இழுத்தால் மேசையே கூட வருகிறது. சின்னவள் கனம் தூக்கக் கூடாது. டீச்சருக்கு முதுகுவலி. இவர் வெளியே காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையை உதறிக்கொண்டு உள்ளே வந்து மறுபக்கத்தைப் பிடித்தார். "இழு" என்றார். திறந்துகொண்டது.

சாப்பாட்டை வைத்தேன். எல்லோரும் உட்கார்ந்தோம், இவர் மட்டும் அடுப்பங்கரை நிலைப்படியில் தட்டோடு நின்றார். யாரும் வற்புறுத்தவில்லை. சின்னவளிடம் ஜெபம் பண்ணு என்றேன். அவள் இவரை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. பக்கத்தில் இருந்த எனக்கே பாதிதான் கேட்டது. டீச்சரும் நானும் ஆமென் சொன்னோம்.

கரண்டியை எடுத்தேன்.

"இரு" என்றார் இவர். மறுபடியுமா? இத்தனைக்குப் பிறகும் மறுபடியுமா?

"எனக்குக் கேக்கல" என்றார். சின்னவளைப் பார்த்துச் சொன்னார். "இன்னொரு தடவ ஜெபம் பண்றியாம்மா? கொஞ்சம் சத்தமா."

"இதுக்கு மேல சத்தம் வராது அத்தான்" என்றாள், காற்றாக.

இவர் தட்டை மேசைமேல் வைத்தார். நாற்காலியை இழுத்து, பலகை போட்ட இடத்தில், அவளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"சரி, கிட்ட வந்துட்டேன். இப்ப சொல்லு."

அவள் முதலிலிருந்து சொன்னாள். நான் கண்ணை மூடவில்லை. இவர் தலையைச் சாய்த்து, காதை அவள் வாய்க்கு நேரே கொண்டுபோய், கடைசிவரை கேட்டார்.

சாப்பாடு ஆறிவிட்டது. சூடு பண்ணட்டுமா என்று கேட்டேன், எல்லோரும் வேண்டாம் என்றார்கள். பாத்திரம் கழுவி முடித்தாயிற்று. பலகையை இன்னும் கழற்றவில்லை.